ஏழு கோரிக்கையும் ஒரு சட்டி உப்புமாவும்

டீசல் புகையும் கடுகு வெடிக்கிற வாசனையும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறினால் எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். நான் அமெரிக்கா போனதில்லை. விசா கேட்டால் கொடுத்திருப்பார்கள், நான்தான் கேட்கவில்லை. போன வாரம் துபாய் சத்வாவில் எங்கள் ஹோட்டல் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஹோட்டல் என்று அடக்கமாகச் சொல்கிறேன். லைசென்ஸில் கஃபீல், அதாவது அரபி ஸ்பான்சர், பெயருக்கு அடுத்த வரியில் என் பெயர்தான் இருக்கிறது. காய்கறி வண்டிக்காரன் என்ஜினை அணைக்காமல் மூட்டை இறக்கினான். உள்ளே மாஸ்டர் தாளித்தார். இரண்டு வாசனையும் கலந்து வந்ததுதான் தாமதம், கையில் இருந்த டீ ஆறுகிறவரை அப்படியே நின்றுவிட்டேன். கண்முன்னே கால்வின் நிற்கிறார், ஆறடி இரண்டங்குலம், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு.

கால்வின் கறுப்பு அமெரிக்கர். அவர் நாட்டில் கறுப்பர்களின் விடுதலைக்காக ஓர் இயக்கம் தொடங்கினார்களே, அதில் முதல் வரிசை ஆள். இயக்கத்தின் பெயரை இங்கே எழுதமாட்டேன். தன் பெயரோடு சேர்த்து அதை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். இத்தனை வருஷமாகக் காப்பாற்றிவிட்டு உங்களிடம் வந்தா உடைப்பேன்? அந்த இயக்கத்தைப் பற்றிப் படித்தவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்களாம். ஆனால் அதற்கு ஜபல் அலியில் ஒரு கிளை இருந்ததை ஒருவரும் எழுதவில்லை. கிளையைத் தொடங்கியவனைக் கேட்டால்தானே தெரியும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

எழுபத்தேழு வாக்கில் ஜபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கப்பல் நிற்கிற இடத்தில் அன்றைக்கு நாங்கள் கால் கழுவ ஒதுங்கினோம். என் வேலை கிரேனுக்குக் கை காட்டுவது. மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. நான் சுண்டு விரலை அசைத்தால் பத்து டன் கல் எழும்பும், உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறங்கும். முஷ்டியை மடக்கித் தூக்கினால் எதுவாக இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். அந்த சைட்டில் என்னைப் போல் கை காட்ட ஆள் கிடையாது. இதை நான் சொல்லவில்லை, ஃபோர்மேனே சொல்லியிருக்கிறார். வேறு பல விஷயங்களும் சொல்லியிருக்கிறார், அவை இப்போது வேண்டாம்.

ஒருநாள் கல் பாதி உயரத்தில் போகும்போது ஒர்க்‌ஷாப் வாசலில் நெட்டையான ஒருவர் என்னைப் பார்த்து முஷ்டியைத் தூக்கினார். எதையோ கண்டுவிட்டார் என்று நானும் தூக்கினேன். கிரேன் நின்றது. அவருக்கு ஒரே சந்தோஷம், இன்னொரு தடவை தூக்கினார். நானும் இன்னொரு தடவை. கால் மணி நேரம் பத்து டன் கல் வானத்தில் தொங்க, நாங்கள் இருவரும் முஷ்டியைத் தூக்கியபடி நின்றோம். ஃபோர்மேன் வந்து பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமாக இருந்தது. சாயங்காலம் அந்த நெட்டை மனிதர் ஒரு டின் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து மன்னிப்புக் கேட்டார். புதிதாக வந்த கிரேன் மெக்கானிக். அவர்கள் கூட்டத்தில் முஷ்டி தூக்குவதுதான் வணக்கமாம். தூரத்திலிருந்து என் நிறத்தைப் பார்த்து, தன் ஊர்க்காரன் என்று நினைத்துவிட்டாராம். கிட்டே வந்து பார்த்துவிட்டும் அந்த எண்ணத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது மெஸ் கதைக்கு வருகிறேன். இரண்டு பலகை ரூம் சேர்ந்து ஒரு மெஸ், பதினாறு பேர். அநேகமாக எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். மெஸ்ஸுக்குப் பெரியவர் சுடலைமுத்து அண்ணாச்சி. ஊரில் அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட்டிருந்தால் பல்லைக் கழற்றியிருப்பார்கள், கேம்பில் கூப்பிடலாம். வாராவாரம் பிஸ்கட் பெட்டி அட்டையில் தச்சன் பென்சிலால் முறை எழுதி, அடுப்புப் பக்கம் ஆணியில் மாட்டுவார். ஒரு பக்கம் சமையல், மறுபக்கம் பாத்திரம். மற்றவர்களில் ஒருவரைத் தவிர எல்லார் பெயரும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறி வரும். என் பெயர் பதினான்கு மாதம் பாத்திரத்தின் பக்கத்திலேயே இருந்தது.

காரணத்தை யாரும் சொல்லவில்லை. வந்த முதல் வாரம் அண்ணாச்சி எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னேன். “ஓஹோ” என்றார். அவ்வளவுதான் விசாரணை. தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனுஷன். என்னோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார், சீட்டாடுவார், சீட்டில் என்னை ஏமாற்றவும் செய்வார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். என் காய்ச்சலுக்கு அவர் கஞ்சி வைக்கலாம். அவர் காய்ச்சலுக்கு நான் வைக்கக் கூடாது. எல்லை அந்த அடுப்புதான்.

இதில் எனக்கு என்ன எரிச்சல் என்றால், அந்தப் பதினாறு பேரில் சமைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். செங்கல் சூளையில் என் அம்மா நாற்பது பேருக்குக் கிண்டுவாள். பக்கத்தில் விறகு தள்ளித் தள்ளியே எனக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டது. இவர்கள் வைக்கிற சாம்பாரை வாயில் வைக்க முடியாது. அதைத் தின்றுவிட்டு அந்தச் சட்டியையும் நானே தேய்க்க வேண்டும்.

தேய்க்கிற குழாய் ஒர்க்‌ஷாப் சுவரை ஒட்டி இருந்தது. கால்வின் அங்கே வந்து நின்று சிகரெட் பிடிப்பார். சீனியர்களுக்கு ஏசி போட்ட தனி மெஸ் உண்டு, அவருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் அவர் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் அந்த மேஜையில் மற்றவர்களுக்குப் பசி தீர்ந்துவிடுமாம். அதனால் சீக்கிரம் தின்றுவிட்டு வந்துவிடுவார். ஒருநாள், உன் முறை எப்போது முடியும் என்று கேட்டார். “முறை மாஃபி” என்றேன், கிடையாது என்று. ஏன் என்றார். அதற்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. மணலில் படம் போட்டேன். கோயில், கோயிலைச் சுற்றித் தெரு, கடைத்தெரு, அப்புறம் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு குச்சியை நட்டு, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பக்கத்திலேயே தன் ஊரைப் போட்டார். அங்கே ஓடைக்குப் பதில் ரயில் தண்டவாளம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரர் வீடுகள், அந்தப் பக்கம் அவர் வீடு. மற்றபடி இரண்டு ஊருக்கும் ஒரே என்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

அன்றைக்குத்தான் இயக்கக் கதையை ஆரம்பித்தார். அவர் இங்கிலீஷ், என் சைட் இங்கிலீஷ், நடுவில் பத்து அரபி வார்த்தை, பத்து ஹிந்தி வார்த்தை, மீதி கை. கை காட்டிப் பிழைக்கிறவனுக்கு அது போதும். இரண்டு காலேஜ் பையன்கள்தான் தொடங்கினார்களாம். பெயர் சொன்னார்; நான் என் வசதிக்கு ஒருவருக்குச் சட்டக்காரர் என்றும் இன்னொருவருக்கு மைக்காரர் என்றும் வைத்துக்கொண்டேன். சட்டக்காரர் வாயைத் திறந்தால் சட்டம். மைக்காரர் வாயைத் திறந்தால் கூட்டம். இருவரும் ஒரு சின்ன ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து, எங்களுக்கு என்ன வேண்டும் என்று பத்துக் கோரிக்கை எழுதினார்கள். யார் தலைவர் என்று சண்டை போடாமல் காசு சுண்டிப் பார்த்தார்கள். இயக்கத்தில் ஆள் சேருவதற்கு முன்பே ஒருவர் தலைவர், ஒருவர் பாதுகாப்பு மந்திரி. இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அதைவிடப் பிடித்தது சட்டக்காரர் போலீஸுக்குச் செய்த வேலை. அவர்கள் தெருவில் போலீஸ் யாரையாவது நிறுத்தி மிரட்டினால், இவர் தன் ஆட்களோடு அங்கே போய், சட்டம் எத்தனை அடி தள்ளி நிற்கச் சொல்கிறதோ அத்தனை அடி தள்ளி நிற்பாராம். கையில் சட்டப் புத்தகம். போலீஸ்காரனுக்குக் கேட்கும்படி சட்டத்தைப் படிப்பாராம். துப்பாக்கியும் வைத்திருந்தார்கள் என்று கால்வின் சொன்னார். அது அவர்கள் ஊருக்குச் சரி. கேம்பில் நகவெட்டிக்கே கேள்வி கேட்பார்கள். நான் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இயக்கம் என்றால் இரண்டு பேராவது வேண்டும். குழாயடியில் எனக்குத் துணையாக நிரந்தரமாகப் பாத்திரம் தேய்த்த இன்னொருவர் இருந்தார், மன்னார்குடி செல்லத்துரை. எஸ்.எஸ்.எல்.சி. அவர் ஊரில் அவர் குடும்பத்துக்குக் கோயிலில் பரிவட்டமே கட்டுவார்கள் என்பார். பிறகு ஏன் பாத்திரம் என்றால், அவர் ஒரே ஒரு முறை சமைத்தார். உப்பென்று நினைத்து ஆப்ப சோடாவை அள்ளிப் போட்டதில் சாம்பார் நுரைத்து எழுந்து, பானையைவிட்டு இறங்கி, வாசல் வரை நடந்து வந்தது. அன்றோடு அவர் பெயரும் மறுபக்கம் போய்விட்டது.

கதையைக் கேட்டுவிட்டு நானும் சேர்ந்துக்கறேன் என்றார். உமக்கு என்ன குறை என்று கேட்டேன்.

“என்னையும்தானே ஒதுக்கிட்டாங்க.”

“உம்மைச் சாம்பார் ஒதுக்குச்சு வே. என்னையப் பொறப்பு ஒதுக்குச்சு.”

“எதா இருந்தா என்னய்யா, தேய்க்கிற குழாய் ஒண்ணுதானே.”

சரி என்று சேர்த்துக்கொண்டேன். தலைவர் யார் என்று முறைப்படி காசு சுண்டினோம். செல்லத்துரை சுண்டியது உயரமாகப் போய் மணலில் விழுந்தது. இருவரும் முழங்கை ஆழம் தோண்டினோம். மூன்று போல்ட்டும் ஒரு செருப்பு வாரும் கிடைத்தன. காசு கிடைக்கவில்லை. தலைவர் முடிவாகாமலே மந்திரிசபை அமைத்தோம். பாதுகாப்பு நான். கல்வி அவர், எஸ்.எஸ்.எல்.சி. என்பதால். கால்வினோடு பேசுவது வெளியுறவு; அதுவும் நான்.

சிமெண்டுப் பை காகிதத்தில் கோரிக்கை எழுதினோம். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அட்டையில் சமையல் பக்கம் எங்கள் பெயர் வர வேண்டும் என்பது முதல் கோரிக்கை. பாத்திரம் எல்லாரும் சமமாக முறை போட்டுத் தேய்க்க வேண்டும் என்பது இரண்டாவது. அதோடு எனக்குத் தீர்ந்துவிட்டது. அமெரிக்காவில் பத்து என்றால் நம்மிடம் இரண்டா என்று செல்லத்துரைக்கு ரோஷம். தன் டிரங்குப் பெட்டிமேல் யாரும் உட்காரக் கூடாது, ரேடியோவில் தமிழ் நிகழ்ச்சி வரும்போது மலையாளம் திருப்பக் கூடாது என்று இழுத்து இழுத்து ஏழில் கொண்டுவந்து நிறுத்தினார். எட்டாவது எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவ்வளவு குறை எங்களுக்கு இல்லை போலிருக்கிறது.

அண்ணாச்சி காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். நாலாக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த ஸ்டவ்வின் ஒரு காலுக்கு அடியில் செருகினார். ஸ்டவ் ஆடாமல் நின்றது. இயக்கத்தால் அந்த மெஸ்ஸுக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

மறுநாளிலிருந்து ரோந்து தொடங்கினோம். சட்டப் புத்தகத்துக்கு எங்கே போவது? கம்பெனி எல்லாருக்கும் ஒரு மஞ்சள் அட்டைப் புத்தகம் கொடுத்திருந்தது. ஏணியில் எப்படி ஏறுவது, ஹெல்மெட் எப்படிப் போடுவது என்று இங்கிலீஷில் இருக்கும், படமும் இருக்கும். அதுதான் சட்டம் என்று முடிவு செய்தோம். யார் சமைத்தாலும் நாங்கள் இருவரும் எட்டடி தள்ளி நிற்போம். எட்டடி என்பது கல்வி மந்திரி கணக்கு. ஒரு வார்த்தை பேசமாட்டோம். செல்லத்துரை புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர்கள் வெங்காயம் வதக்குவதைப் பார்ப்பார், புத்தகத்தைப் பார்ப்பார், மறுபடி வெங்காயத்தைப் பார்ப்பார். நான் தலையை மட்டும் மெதுவாக ஆட்டுவேன்.

நீங்கள் சமைத்துப் பாருங்கள், இரண்டு பேர் இப்படி நிற்கட்டும். மூன்றாம் நாள் ஒருத்தருக்குக் கை தவறி மிளகாய்த்தூள் டப்பாவே குழம்புக்குள் விழுந்தது. “என்னத்தைலே பாக்கீய?” என்று அழாத குறையாகக் கேட்டார். செல்லத்துரை புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

இந்த நேரத்தில் கேம்ப் பாஸ் அந்தப் பக்கம் வந்தார். சங்கம், கோரிக்கை என்ற பேச்சு காதில் விழுந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள், கலாஸ், கதை முடிந்தது. அவரோ எங்கள் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், எங்கள் தோளைத் தட்டினார். கேம்பில் பாதுகாப்பு விதிகளைத் தாங்களாகவே கவனிக்கிற இரண்டு பேரை அவர் அன்றுதான் பார்க்கிறாராம். மறுநாள் எங்கள் இருவருக்கும் சேஃப்டி ஆட்கள் போடுகிற பச்சை ஹெல்மெட் வந்தது. பாதுகாப்பு மந்திரிக்கு ஹெல்மெட் கொடுத்த கம்பெனி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

பச்சை ஹெல்மெட்டைப் பார்த்ததும் மெஸ் அடங்கிவிட்டது. எங்களைக் கம்பெனியே நியமித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் இல்லை என்று சொல்லவில்லை. அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, டீ ஊற்றிக் கொடுத்தார்.

“இனிமே நீ பாத்திரம் தேய்க்காண்டாம்டே. சும்மா சாப்பிட்டுட்டுப் போ. அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். ஊருக்குத் தெரிஞ்சா நான் என்ன சொல்ல?”

செல்லத்துரைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம், ஒப்புக்கொள் என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போகலாம், கையில் சோப்பு படாது, வேறு என்ன வேண்டும்? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குத்தான் ஒப்பவில்லை. பாத்திரம் தேய்ப்பது எனக்கு அவமானமாகவே இருந்ததில்லை. என் கைச்சோறு ஆகாது என்பதுதான் அவமானம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, சோப்பை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அண்ணாச்சியிடம் முடியாது என்றேன். அன்றைக்கும் பாத்திரத்தை நானே தேய்த்தேன், ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு.

கால்வினிடம் போய், உங்கள் சட்டக்காரர் வழி இங்கே எடுபடவில்லை, பயப்படுகிறார்கள், ஆனால் தின்னமாட்டேன் என்கிறார்கள் என்று சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, பேப்பர்க்காரன் போடாத ஒரு கதையைச் சொன்னார். துப்பாக்கிப் படத்தைத்தான் எல்லாரும் போட்டார்கள். ஆனால் இவர்கள் விடிகாலையில் எழுந்து, கோயில் மாதிரி ஓரிடத்தில் வைத்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட்டார்களாம். சர்க்கார் துப்பாக்கிக்குப் பயந்ததைவிட அந்தச் சாப்பாட்டுக்குத்தான் அதிகம் பயந்தது என்றார். இட்லியா போட்டீர்கள் என்று கேட்டேன். முட்டை, கஞ்சி, ரொட்டியாம். யார் சமைத்தது என்றேன். கொஞ்சம் வெட்கப்பட்டார். ஆண்கள் போட்டோவுக்கு நின்றார்கள், அதிகம் சமைத்தது பெண்கள். பின்னால் இயக்கத்தையே தூக்கி நிறுத்தியதும் அவர்கள்தான் என்றார். அவர் மட்டும் முட்டை பொரிப்பாராம். நம்பினேன், கையில் சூட்டுத் தழும்பு இருந்தது.

எங்கள் கேம்பில் காலைச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. ஒரு சுலைமானி கட்டன் டீ, நேற்றைய குப்பூஸ் ரொட்டி, அப்புறம் பஸ். அங்கேதான் நான் கையை வைத்தேன். கால்வின் புது எஃகுத் தகட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து ஒரு சட்டி செய்து கொடுத்தார். வெல்டிங் வைத்த சட்டியில் உப்புமா கிண்டிய முதல் தமிழன் நான்தான். வேறு யாராவது இருந்தால் முன்னால் வரட்டும். ஒர்க்‌ஷாப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும். அதன் பக்கத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ். விடிகாலை ஐந்து மணிக்குக் கடுகு போட்டேன்.

ரவை, வெங்காயம், பச்சைமிளகாய், கடைசியில் ஒரு கரண்டி நெய். வாசனை ஜெனரேட்டர் புகையில் ஏறி கேம்ப் முழுக்கப் போனது. முதலில் பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் கான் பாய் வந்தார், “யே க்யா ஹை பாய்?” என்றார், தட்டை நீட்டினார். அவர் பின்னால் மலையாளிகள். கால்வின் ஊறுகாய்ப் பாட்டிலையே தனக்கு எழுதி வாங்கிய மாதிரி மடியில் வைத்துக்கொண்டு தின்றார். எங்கள் மெஸ்காரர்கள் மட்டும் பஸ் பக்கம் திரும்பி நின்று, குப்பூஸைச் சுலைமானியில் முக்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்து நரம்பு தெரிந்தது.

நாலாம் நாள் கான் பாய் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்து இதிலும் போடு என்றார். மறுநாள் மூன்று தூக்கு. அதற்கு மறுநாள் ஏழு. எல்லாம் தனக்குத்தானாம், பட்டாணிப் பசியாம். நான் தூக்குகளைப் பார்த்தேன். பதினான்கு மாதம் அவற்றைத் தேய்த்தவன் நான். எந்தத் தூக்கில் எங்கே நசுங்கல், எதன் மூடி சரியாகச் சேராது, எதன் அடியில் ஆணியால் கீறிய பெயர் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அண்ணாச்சியின் தூக்கும் இருந்தது. ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் திருட்டுத்தனமாகத் தின்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கான் பாயும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, நல்ல மனுஷன்.

செல்லத்துரை குதித்தார். எல்லாரையும் கூட்டி வைத்துத் தூக்கைக் காட்டி மானத்தை வாங்க வேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். தூக்குகளில் கொஞ்சம் அழுத்தி நிரப்பினேன். என் கைச்சோறு அவர்கள் வயிற்றுக்குள் போகிறது. இனி அது வாய்வழியாக வெளியே வர வேண்டும், அதற்கு நாள் ஆகும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். கான் பாயை லோடு ஏற்றி அபுதாபிக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று விடிகாலை நல்ல மூடுபனி. நான் கிண்டிக்கொண்டிருக்கிறேன், பனிக்குள்ளிருந்து ஒருத்தர் வருகிறார், சட்டைக்குள் தூக்கு. பின்னால் இன்னொருத்தர். முதல் ஆள் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜெனரேட்டர் பார்க்க வந்தேன் என்றார். இரண்டாமவரும் ஜெனரேட்டர்தானாம். இப்படி ஆறு பேர் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழாவதாக அண்ணாச்சி. அவர் தூக்கை ஒளிக்கக்கூட இல்லை, பனியை நம்பி வந்துவிட்டார்.

நான் அவர் தூக்கை வாங்கி, நிரப்பி நீட்டினேன். அவர் போயிருக்கலாம். என்ன தோன்றியதோ, அங்கேயே நின்று, மூடியில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டார். ஆறு பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். பத்து டன் கல்லை நிறுத்துகிற மாதிரி.

“உப்பு கம்மியா இருக்கேடே” என்றார்.

“அட்டையில பேரு போடுங்க அண்ணாச்சி. சரியாப் போடுதேன்.”

அவர் மென்று முடித்து, தூக்கை அழுத்தி மூடினார். பிறகு, “வெள்ளிக்கெழம போடுதேன். கறி ஆக்கணும், பதினாறு பேருக்கு. முடியுமா?” என்றார். நாற்பது பேருக்கே முடியும் என்றேன். உப்பு உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. அதை இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை அந்த மனுஷன்.

பதினாறு பேருக்கு ஆக்க வேண்டி வரவில்லை. ஒருவர் மெஸ்ஸைவிட்டுப் போய்விட்டார். கான் பாய் கொண்டுபோன தூக்குகளில் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் திரும்பி வந்தது அவருடையதுதான். மறைவாக இறங்கிய சோறு, அட்டையில் பெயர் வந்ததும் அவருக்கு இறங்கவில்லை. காண்ட்ராக்ட் முடிகிறவரை தனியாக குப்பூஸும் தயிரும் தின்றார். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்காருவார், ஊர்க்கதை பேசுவார். என்ன செய்வது?

அடுத்த சண்டை எனக்கும் செல்லத்துரைக்கும். அட்டையில் என் பெயர் ஏறியது, அவர் பெயர் ஏறவில்லை. எங்கள் பெயர் என்றுதானே கோரிக்கை, நீ பதவிக்கு வந்ததும் மாறிட்டய்யா என்றார். நான் அந்தச் சாம்பார் நடந்து வந்ததை நினைவுபடுத்தினேன். வெங்காயம் நறுக்க விடுகிறேன் என்று இறங்கி வந்தேன். இயக்கம் இரண்டாக உடைந்தது. ஆளுக்கு ஒரு கட்சி, ஆளுக்கு ஒரு பச்சை ஹெல்மெட்.

இதைக் கால்வினிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சட்டக்காரரும் மைக்காரரும் இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்றார். கூட இருந்தவர்களில் சிலர் ஜெயிலில், சிலர் மண்ணுக்குள், சிலர் அவரைப் போல ஊர் ஊராக. “நீயாவது அவரை வெங்காயத்தோட வச்சுக்கோ, பிரதர்” என்றார். வருஷக் கடைசியில் ஆப்பிரிக்காப் பக்கம் வேலை கிடைத்துப் போனார். பஸ் ஏறும்போது முஷ்டியைத் தூக்கினார். கடிதம் போடுகிறேன் என்று இருவருமே சொல்லவில்லை. அவர் எழுதினால் நான் எப்படிப் படிப்பேன்?

கேம்ப் இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்களை மலை மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். குழாயடி எது என்று போன வருஷம் தேடிப் பார்த்தேன், செக்யூரிட்டி விரட்டிவிட்டான். இன்றைய கேம்புகளில் மூடி போட்ட டப்பாவில் சோறு வந்து இறங்குகிறது. யார் சமைத்தது, எந்தத் தெரு என்று தின்கிறவனுக்குத் தெரியாது. முறையும் இல்லை, அட்டையும் இல்லை.

செல்லத்துரை எண்பத்தொன்றிலேயே மன்னார்குடி போய்விட்டார். உர மூட்டைக் கடை வைத்தார். முதலில் எப்போதாவது டிரங்க் கால், செல்போன் வந்த பிறகு வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வார். நான் எடுத்ததும், “ஸ்தாபகர் பேசறேன்” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்தாபகர் யாருய்யா, கதையை உமக்குச் சொன்னவன் யார், கரண்டியைப் பிடித்தவன் யார் என்று கத்துவேன். கோரிக்கையை எழுதினவன் கை எதுய்யா என்பார். கட் பண்ணுவேன். பத்து நிமிஷம் கழித்து நானே கூப்பிடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. போன ஐப்பசியில் அவர் மகள்தான் அந்த நம்பரிலிருந்து பேசினாள்.

இப்போது நான்தான் ஸ்தாபகர் என்று ஹோட்டலில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்கிறேன். முதலாளி சொன்னால் சரி என்கிறார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சண்டைக்கு ஆளில்லாமல் சாப்பிடுகிறேன்.